பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் ஒன்பது வோல்ட் கருவியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கணினியை எடைக்குப் போடுவதற்கு முன்னால் அதன் உள்ளே இருக்கும் ஒரு தகரப் பெட்டியை மட்டும் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் அதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை வாங்கி, 12, 5, 3.3 என்று மூன்று அளவுகளில் நேர்மின்சாரமாகத் தரும் பெட்டி அது. பேட்டரி எலிமினேட்டர் தேடி அலைகிற சின்னச் சின்னக் கருவிகளை மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. ஒயரின் நிறங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், போதும். மஞ்சள் 12 வோல்ட். சிவப்பு 5. ஆரஞ்சு 3.3. கறுப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான எதிர்முனை. இன்டெல் 1995இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற கணினிப் பெட்டி அமைப்பில் இருந்து இதுதான் வழக்கம். இப்போது வரும் சில பெட்டிகளில் அழகுக்காக எல்லா ஒயரையும் கறுப்பாகவே விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டதில் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் இணைக்கக் கூடாது. சரி, பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தும் ஓடவில்லையே என்றால், பெரிய கனெக்டரில் ஒற்றையாக இருக்கும் பச்சை ஒயரைப் பக்கத்துக் கறுப்போடு சேர்க்க வேண்டும். கணினிக்குள் தாய்ப்பலகை (மதர்போர்டு) செய்கிற வேலை அதுதான். ஊதா ஒயர் மட்டும் இதற்குக் காத்திருக்காது. பிளக்கைச் செருகிப் பின்பக்க சுவிட்சைப் போட்டதுமே அதில் 5 வோல்ட் வந்துவிடும்.

என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "பெட்டி மேல 20 ஆம்பியர்னு போட்டிருக்கே, என் ரேடியோ எரிஞ்சு போயிடாதா?" எரியாது. வோல்ட் சரியாக இருந்தால், கருவி தனக்கு வேண்டிய ஆம்பியரை மட்டும்தான் இழுக்கும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சிவப்பும் கறுப்பும் தெரியாமல் உரசிக்கொண்டால், அந்த 20 ஆம்பியரும் உங்கள் மெல்லிய ஒயர் வழியாகப் பாயலாம். பெட்டிக்குள் ஷார்ட் பாதுகாப்பு உண்டுதான். ஆனால் அது பெட்டியின் தாங்குதிறனைக் கணக்கிட்டு வைத்தது. உங்கள் ஒயரின் தாங்குதிறன் அதற்குத் தெரியாது. அதனால் வெளியே வரும் ஒவ்வொரு நேர்முனையிலும் 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டுவிடுங்கள். சில ரூபாய்தான் ஆகும்.

இனி வோல்ட்டைக் குறைக்கிற விஷயம். முதலில் குறைக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். இரண்டு பென்சில் செல்லில் ஓடும் பாக்கெட் ரேடியோ இருக்கிறது. புது அல்கலைன் செல் இரண்டைத் தொடர்ச்சியாக வைத்தால் ஏறக்குறைய 3.2 வோல்ட் வரும். ஆரஞ்சு ஒயரில் வருவது 3.3. அப்படியே கொடுத்துவிடலாம்.

நிறையப் பேர் முதலில் கையில் எடுப்பது மின்னோட்டத்தைத் தடுக்கும் ரெசிஸ்டரைத்தான். சிவப்பு ஒயரில் ஒரு ரெசிஸ்டரைத் தொடர்ச்சியாகப் போட்டு 5 வோல்ட்டை 3 ஆக்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். எல்.இ.டி. விளக்குக்கு அது சரி, அது இழுக்கும் மின்னோட்டம் பெரிதாக மாறாது. ரேடியோ அப்படியல்ல. ஒலியைக் கூட்டினால் மின்னோட்டம் கூடும். ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டும் அதோடு கூடும், ரேடியோவுக்குப் போய்ச் சேருவது குறையும், பாட்டு கரகரக்கும். ரேடியோவை அணைத்தாலோ முழு 5 வோல்ட்டும் அதன் வாசலில் வந்து நிற்கும். ரெசிஸ்டருக்குப் பதில், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்4007 டயோடு மூன்றைத் தொடர்ச்சியாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் சுமார் 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மின்னோட்டம் கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவு அதிகம் மாறாது. ரேடியோவுக்கு 3 வோல்ட்டை ஒட்டிக் கிடைக்கும்.

6 வோல்ட், 9 வோல்ட் கருவிகளுக்கு, வோல்ட்டைக் குறைத்து ஒரே அளவில் நிறுத்தும் மூன்று கால் ரெகுலேட்டர் இருக்கிறது. 7806 என்றால் 6 வோல்ட், 7809 என்றால் 9. கடைசி இரண்டு எண்ணைப் பார்த்தாலே போதும். உள்ளே வரும் வோல்ட், வெளியே வருவதைவிட 2 வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். மஞ்சளில் 12 இருப்பதால் 9 எடுக்கத் தடையில்லை. ஆனால் குறைத்த வோல்ட் எங்கேயும் மாயமாகிவிடாது, சூடாகத்தான் வெளியேறும். 12ஐ 6 ஆக்கி அரை ஆம்பியர் எடுத்தால், கருவிக்கு 3 வாட், ரெகுலேட்டரில் சூடாகப் போவதும் 3 வாட். சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடு, அதாவது ஹீட் சிங்க், இல்லாவிட்டால் கை வைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளவும் செய்யும்.

இந்தச் சூடு வேண்டாம் என்றால் பக் கன்வெர்ட்டர் பலகை. எல்எம் 2596 சிப் வைத்தது சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும். மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி வோல்ட்டைக் குறைக்கும் முறை என்பதால், அதே 3 வாட் வேலைக்கு அரை வாட் அளவே வீணாகும். அதில் இருக்கும் சிறிய நீலப் பெட்டியின் திருகைப் பல சுற்று திருப்பினால்தான் மாற்றமே தெரியும். கருவியை இணைக்காமல், மீட்டரை வைத்துக்கொண்டு வோல்ட்டைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் இணையுங்கள்.

இதில் ரேடியோ நேயர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்த சிப் நொடிக்கு ஏறக்குறைய 1,50,000 முறை மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிறது. அதன் மடங்குகள் மத்திய அலைவரிசைக்குள்ளேயே வந்து விழும். டயலில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சீழ்க்கை கேட்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் இதே இனம்தான், அதுவும் கொஞ்சம் இரைச்சல் போடும். மத்திய அலை கேட்கிறவர்களுக்கு என் யோசனை, பேசாமல் செல்லே போட்டுக்கொள்ளுங்கள்.

கணினி விசிறியின் சத்தத்தைக் குறைக்க மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே அதை மாட்டும் தந்திரம் ஒன்று உண்டு. பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. கணக்கு சரிதான். ஓடுகிற கணினிக்குள் அது வேலையும் செய்யும், ஏனென்றால் விசிறி வழியாகச் சிவப்பு ஒயருக்குள் வரும் மின்னோட்டத்தை ஹார்ட் டிஸ்க் போன்றவை செலவழித்துவிடும். தனிப் பெட்டியில் சிவப்பு சும்மா இருக்கும். அதற்கு வெளியே தள்ளத்தான் தெரியும், திரும்ப வாங்கிக்கொள்ளத் தெரியாது. அதனால் 5 வோல்ட் மேலே ஏறிவிடும். ஏழு வோல்ட் வேண்டும் என்றால் ரெகுலேட்டரில் எடுங்கள்.

இணைப்பதற்கு முன் கருவியின் முதுகைப் படியுங்கள். கருவியில் செருகும் பின்னின் நடுமுனை நேர்முனையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பழைய காசியோ கீபோர்டுகள் பலவற்றில் நடுமுனை எதிர்முனை. சில கருவிகள் மாறுமின்சாரமே கேட்கும். அவற்றுக்கு இந்தப் பெட்டி உதவாது.

பெட்டியின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் தங்கியிருக்கும். நாம் பேசிய வேலை முழுக்க வெளியே வரும் ஒயர்களில்தான்.

இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிற வைஃபை ரூட்டருக்கு இதைப் பயன்படுத்தலாமா என்றால், வேண்டாம் என்பேன். 450 வாட் பெட்டியை 5 வாட் வேலைக்கு ஓட்டினால், பெட்டி தன் விசிறிக்கும் தன் சுற்றுகளுக்கும் செலவழிப்பது கணிசமாக இருக்கும். அதற்குத் தனி அடாப்டர் வாங்கிவிடுங்கள். வணக்கம்.