சுவர் காய்வதற்குள்

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு டப்பாவை மூடாமல் இரண்டு நாள் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். மேலே ஓடு மாதிரி இறுகிவிடும், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும், அடியில் மட்டும் இன்னும் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஃப்ரெஸ்கோ என்று ஓவியர்கள் சொல்கிற ஈரச்சுவர் ஓவியத்தின் ரகசியம் அந்த ஓட்டில்தான் இருக்கிறது.

ஃப்ரெஸ்கோ என்ற இத்தாலியச் சொல்லுக்குப் புதியது, காயாதது என்று பொருள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணல் சேர்த்துச் சுவரில் பூசினால், அது காய்ந்துகொண்டே காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடியும் கல்லாகிறது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே வெறும் தண்ணீரில் குழைத்த நிறத்தை வைத்துவிட்டால், கல்லாகும்போது நிறத்தையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். பசை, முட்டை, எண்ணெய் எதுவும் வேண்டாம். காய்ந்த சுவரில் பசை கலந்து தீட்டுவது வேறு, அதற்கு செக்கோ என்று பெயர். சுவரில் எந்தப் பழைய படத்தைப் பார்த்தாலும் ஃப்ரெஸ்கோ என்று சொல்லிவிடுகிறோம்; அஜந்தாவில் இருப்பதே காய்ந்த பூச்சின் மேல் தீட்டியதுதான்.

சுண்ணாம்பின் காரத்தை எல்லா நிறமும் தாங்காது. காவிக்கல், மஞ்சள் மண், பச்சை மண், கரி தாங்கும். அசுரைட் என்கிற நீலக்கல் பொடியை இத்தாலியர்கள் பெரும்பாலும் சுவர் காய்ந்த பிறகு பசையோடுதான் பூசினார்கள். இத்தாலியின் பதுவா நகரத்துச் சிற்றாலயத்தில் ஓவியர் ஜியோத்தோ 1305 வாக்கில் தீட்டிய மாதாவின் மேலங்கியில் மற்ற நிறங்கள் நிற்க, நீலம் உதிர்ந்துபோனது அதனால்தான்.

எனக்குப் பிடித்த சொல் ஜோர்னாத்தா, அதாவது ஒரு நாள் வேலை. இன்றைக்கு எவ்வளவு தீட்ட முடியுமோ அந்த அளவுக்கு மட்டும்தான் காலையில் கடைசிப் பூச்சைப் பூசுவார்கள். சாயங்காலம் மிச்சம் இருக்கிற பூச்சை உருவத்தின் ஓரத்தை ஒட்டிக் கரணையால் வெட்டி எறிந்துவிட்டு, மறுநாள் அங்கிருந்து புதுப் பூச்சு. வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ஆதாம் நாலு நாள் வேலை என்று அந்த ஒட்டுகளை எண்ணித்தான் சொல்கிறார்கள். அவருக்கே ஆரம்பத்தில் பூச்சில் ஈரம் அதிகமாகிப் பூசணம் பூத்தது.

நான் ஒரு ஓட்டுத் துண்டில் இதைச் செய்து பார்த்தேன். முதல் அரைமணி நேரம் பூச்சு சொதசொதவென்று தூரிகையோடு பெயர்ந்து வந்தது. அப்புறம் ஒரு கட்டத்தில், விரலை வைத்தால் ஒட்டாமல் சில்லென்று மட்டும் இருந்தபோது, தூரிகையிலிருந்த தண்ணீரைப் பூச்சு மடக்கென்று குடித்துக்கொண்டு நிறத்தை வாங்கியது, கோடு இழுத்த இடத்தில் அப்படியே நின்றது, அழிக்க வழியே இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து வைத்த காவி மறுநாள் விரலோடு வந்துவிட்டது. காலையில் வைத்த காவி இன்றைக்கும் போகவில்லை.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான நடை இருக்கிறது. அந்தச் சுவரில் நாயக்கர் காலத்துப் படங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருப்பதை 1931இல் கண்டவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி. சென்னை அருங்காட்சியகத்து வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் பூச்சை ஆராய்ந்து, சோழர் செய்தது ஈரச்சுவர் முறை என்றே முடிவு சொன்னார். பிற்பாடு தொல்லியல் துறை மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தைப் பெயர்த்து ஃபைபர் கிளாஸ் பலகைகளில் ஒட்டிக் காப்பாற்றியது, அடியில் இருந்ததும் வெளியே வந்தது. திரிபுரம் எரிக்கிற சிவன் அங்கே வில்லோடு நிற்கிறார், பெரிய கண்கள், கோடு எங்கேயும் தயங்கவில்லை. சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த கை போட்ட கோடு அது.