பிளாச்சு வளைந்தால் ஸ்டார் நிமிரும்

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் பிறந்ததும் வாசலில் தொங்கவிட கிறிஸ்துமஸ் ஸ்டார் வாங்கப் போவோம். இந்த வருஷம் அதை வீட்டிலேயே கட்டிப் பார்க்கலாம். ஸ்டார் கோணலாகிவிட்டால் பலர் தாளைக் குறை சொல்வார்கள். ஆனால் தொண்ணூறு சதவீதம் கோளாறு சட்டத்தில்தான் இருக்கும்.

இரண்டடி ஸ்டாருக்கு 24 அங்குல நீளத்தில் பத்து மூங்கில் பிளாச்சு வேண்டும். சுண்டுவிரல் அகலமும் அட்டைப்பெட்டியின் அட்டை அளவு கனமும் போதும். கணு இருக்கும் இடத்தைக் கத்தியால் சீவிச் சமப்படுத்துங்கள். கணு தடித்தால் அங்கே பிளாச்சு வளையாது. காய்ந்த மூங்கிலாக இருந்தால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பிளாச்சிலும் இரு முனைகளிலிருந்தும் 9 அங்குலத்துக்குச் சற்று மேலே பென்சிலால் குறி வையுங்கள். நடுவில் 6 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். சிறிய ஸ்டார் என்றாலும் இதே கணக்குதான்: 8 அங்குலக் குச்சிக்கு மூன்று, இரண்டு, மூன்று.

தரையில் சாக்பீஸால், கை எடுக்காமல் ஒரே கோட்டில் ஐந்து முனை நட்சத்திரம் வரைந்து, அதன் மேல் ஐந்து பிளாச்சுகளை அடுக்குங்கள். ஒவ்வொரு பிளாச்சும் மற்ற இரண்டைக் குறுக்கே வெட்டும். ஒன்றுக்கு மேலே போனால் அடுத்ததற்குக் கீழே போகவேண்டும், பாய் முடைவதுபோல. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் மேலே மேலே வைத்தால் சட்டம் முறுக்கிக்கொண்டு நிற்கும். முனைகளைச் சணலால் இறுக்கிக் கட்டுங்கள். குறுக்கு வெட்டுகள் குறியில் விழுகின்றனவா என்று பார்த்துவிட்டு அவற்றையும் கட்டுங்கள். இதேபோல இன்னொன்றையும் அதே கோலத்தின் மேல் வைத்துக் கட்டவேண்டும்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது 5 அங்குலக் குச்சிகள் ஐந்து. இருபுறமும் சிறு பள்ளம் வெட்டி, உள்ளே இருக்கும் ஐந்து வெட்டுகளுக்கு நடுவே முட்டுக் கொடுங்கள். தட்டையாக இருந்தது உப்பி வரும். முட்டுகளை வரிசையாகச் செருகாதீர்கள், ஒன்று விட்டு ஒன்று போடுங்கள். கடைசி முட்டுக்குத்தான் அதிக பலம் வேண்டும். ஊறாத பிளாச்சு படக்கென்று ஒடிவதும் அங்கேதான்.

பசைக்கு ஒரு தம்ளர் தண்ணீரும் இரண்டு மேசைக்கரண்டி மைதாவும். முதலில் பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டிதான் மிஞ்சும். கிண்டக் கிண்டக் கண்ணாடிபோல் ஆனதும் இறக்குங்கள். கரப்பான் அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

பட்டம் செய்கிற தாளே இதற்குப் பொருத்தம். வழவழப்பான கண்ணாடித்தாளில் மைதாப் பசை பிடிக்காது. முன்னும் பின்னுமாகப் பத்து முக்கோணம், நடுவில் இரண்டு ஐங்கோணம், பக்கவாட்டில் பத்து முக்கோணம். தாளைச் சட்டத்தின் மேல் வைத்தே, அரை அங்குலம் ஓரம் விட்டு வெட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது விறைப்பாக இழுத்து ஒட்டாதீர்கள். காயும்போது தாள் சுருங்கிக் கிழிந்துவிடும். மேல் முனையின் பக்கவாட்டு முக்கோணங்கள் இரண்டையும் திறந்தே விடுங்கள். பல்பு வைக்கவும் சூடு வெளியேறவும் அதுதான் வழி.

உள்ளே 5 வாட் எல்.இ.டி. போதும். பழைய குண்டு பல்பு வேண்டாம், தாள் கருகும். ஸ்டாரின் பாரம் கயிற்றில் நிற்கட்டும், ஒயரில் அல்ல. டிசம்பர் மழையை நம்பமுடியாது. தாழ்வாரத்துக்கு உள்ளே கட்டுங்கள்.

பரிசுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். கொட்டாங்கச்சியின் கண்ணைத் துளைத்து, மண் நிரப்பி, ஒரு ராத்திரி ஊறிய கேழ்வரகை நெருக்கமாகத் தூவுங்கள். டிசம்பர் 14 வாக்கில் போட்டால், பண்டிகைக்குள் குடிலில் வைக்கும் பதத்துக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள், தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலோரம் வைத்தால் தினமும் திருப்பி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் பயிர் முழுக்க வெளிச்சத்தின் பக்கமே சாய்ந்துவிடும். வணக்கம்.