புல்வெளியில் மரம் நடாதீர்கள்

(கொடைக்கானலில் ஒரு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, குறிஞ்சிக் கிளையை மாணவர்களுக்குக் காட்டவென்றே தாளில் ஒட்டிப் பதப்படுத்திக் கொண்டுவந்திருக்கும் தாவரவியல் பேராசிரியை அம்மையார் அவர்களே, வனச்சரக அலுவலர் அவர்களே, கைத்தறித் துண்டு போர்த்திச் சிறப்பித்த வணிகர் சங்கப் பெரியோர்களே, கடைசிப் பேருந்தைப் பற்றிக் கவலைப்படாமல் மேல்மலையிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். குறிஞ்சிச் செடியின் உடற்கூறு, சங்கப் பாட்டில் அதன் இடம், நாம் செய்ய வேண்டியது.

நீலக்குறிஞ்சி ஒரு புதர்ச்செடி. காற்று அறையும் சரிவில் முழங்கால் உயரம். ஒதுக்கமான இடத்தில் ஆள் உயரத்துக்கும் வளரும். இலைகள் எதிரெதிராக, விளிம்பில் பல் வெட்டி இருக்கும். பூ மணி வடிவம், ஊதா கலந்த நீலம். பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரு மலைச்சரிவே ஒன்றாகப் பூத்து, விதை கொடுத்துவிட்டு மொத்தமாக மடிகிறது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030. ஒரே நேரத்தில் அத்தனை விதை கொட்டினால் எறும்பும் பறவையும் தின்று தீர்க்க முடியாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இந்தப் பூப்பை வைத்தே இந்த மலையின் பழங்குடிகளான பளியர்கள் வயதைக் கணக்கிட்டார்கள் என்பார்கள்.

இந்தச் செடிக்கு வெயில் வேண்டும், திறந்த புல்வெளி வேண்டும். அங்கேதான் நாம் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடித்தோம். புல்வெளியைத் தரிசு என்று எண்ணினார்கள் வெள்ளைக்காரர்கள். தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை என்னும் வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தைலமரம் வந்தது, பைன் வந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் நட்டுக்கொண்டே இருந்தோம். நிழல் விழுந்தது, குறிஞ்சி போனது.

2018 பூப்புக்கு அடுத்த ஆண்டு, மேல்மலையில் ஒரு மரம் நடுவிழா. அமைப்பின் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். பேனர், ஒலிபெருக்கி, பிள்ளைகளுக்கெல்லாம் பச்சைத் தொப்பி, தக்காளி சாதப் பொட்டலம். நான் போய்ச் சேர்ந்தபோது, சரிவில் காய்ந்து நின்ற கறுத்த குச்சிகளைப் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். "என்னங்க பண்றீங்க?" "செத்த செடிதானே தாத்தா, குழி வெட்ட இடம் வேணும்ல?" பெரியவர் ஒரு குச்சியைப் பிடுங்கி, ஒட்டியிருந்த காயை நகத்தால் பிளந்து, உள்ளே இருந்த தட்டை விதையை அந்தத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார். "செத்துதான் போச்சு சாமி. ஆனா புள்ளையப் பெத்துப் போட்டுட்டுல்ல செத்திருக்கு! தொட்டில்லயா கடப்பாரையப் போடுறீங்க?"

கடப்பாரைகள் நின்றன. அதற்குள் பாதிச் சரிவு கொத்தப்பட்டுவிட்டது. பிள்ளையார் பிடிக்கத்தான் போனார்கள், பாவம்!

குறுந்தொகை "கருங்கோல் குறிஞ்சி" என்கிறது. அந்தக் கறுத்த தண்டையும் அதன் பூவிலிருந்து தேனீ சேர்க்கும் பெருந்தேனையும் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னொரு மேடையில் பேசுகிறேன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நீலக்குறிஞ்சி இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. காட்டில் அதைப் பிடுங்கினால் குற்றம். அயல் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. சரக அலுவலர் ஐயாவிடம் இரண்டு வேண்டுகோள். எஞ்சியிருக்கும் புல்வெளிச் சரிவுகளை வரைபடத்தில் குறித்து, அங்கே எந்த மரமும் நடக்கூடாது என்று பலகை வையுங்கள். மழைக்குப் பிறகு புல்லுக்குள் முளைக்கும் சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்க எங்கள் இளைஞர்களுக்கு அனுமதி கொடுங்கள். வேர் ஊன்றிவிட்டால் வெட்ட வெட்டப் பரவும். மனு மேடைக்கு வலப்பக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.