30 பவர் என்று பொறித்திருந்தால் நம்பாதீர்கள்: பழைய காசு பார்க்க எந்த லென்ஸ்?

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டு பால்கனியிலிருந்து பேசுகிறேன், கீழே காய்கறி வண்டிக்காரர் கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள். காசு சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை பவர், அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வாங்கலாம்?

இதோ, நான் முதலில் வாங்கியது. பளபளவென்று மடக்கு லென்ஸ், அகலம் 21 மில்லிமீட்டர், மேலே 30 பவர் என்று பொறித்திருக்கிறது. சோதித்துப் பார்ப்போம். எதிர்ச்சுவர் டியூப் லைட்டின் பிம்பத்தை இந்த வெள்ளைத்தாளில் விழவைத்து, அது தெளிவாகத் தெரிகிற இடத்தில் லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளக்கிறேன். நாலு சென்டிமீட்டர். 250 மில்லிமீட்டரை இந்தத் தூரத்தால் வகுத்தால் பவர் வந்துவிடும், பள்ளிக்கூடத்தில் படித்த குவியத் தூரம்தான் இது. 250-ஐ 40-ஆல் வகுத்தால் ஆறே கால். முப்பது எங்கே, ஆறு எங்கே!

நிஜமான 30 பவராக இருந்தாலும் பெரிய லாபம் இல்லை. காசை லென்ஸுக்கு எட்டு மில்லிமீட்டர் கிட்டே வைக்க வேண்டும், வெளிச்சம் உள்ளே போக இடம் இருக்காது, கடுகளவு இடம்தான் கண்ணுக்குத் தெரியும்.

என் கணக்கு: முழுக் காசையும் ஒரு நோட்டம் விட மூன்று பவர் கைப்பிடி லென்ஸ், அப்புறம் நுணுக்கம் பார்க்க ஏழு அல்லது பத்து பவரில் ஒரு நல்ல டிரிப்லெட். மூன்று லென்ஸை ஒட்டிச் செய்வதால் அந்தப் பெயர். ஒற்றை லென்ஸில் ஓரமெல்லாம் மங்கி, வானவில் கரை கட்டும். பழைய வெள்ளிக் காசில் தானாகவே நிறம் ஏறியிருக்குமே, அது காசின் நிறமா லென்ஸின் நிறமா என்று குழம்பிப் போவீர்கள். ஜவேரி பஜார் பக்கம் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைக்குப் போனால், ஒரு கிராஃப் தாளையும் கையோடு கொண்டுபோங்கள், கோடுகள் ஓரம்வரை வளையாமல் தெரிந்தால் வாங்கலாம்.

பார்க்கும் விதம்தான் பாதிப் பேர் தப்பு செய்யும் இடம். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு காசைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும், இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும், கீழே ஒரு துண்டு விரித்திருக்கட்டும், காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். லென்ஸைச் சுற்றி எல்.இ.டி. வைத்தவை எனக்குப் பிடிப்பதில்லை. மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு என்றால் மயிரிழைக் கீறல்கள் எழுந்து நிற்கும். வார்ப்புப் போலியில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும்.

இப்போது இந்த 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். அரசரின் அங்கியில், மாலையின் நடுவே ஒரு யானை இருக்கிறது. தும்பிக்கை குட்டையாகப் போய் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பவே, காசைத் திரும்பப் பெற்று 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். சேகரிப்பவர்கள் இதைப் பன்றி ரூபாய் என்பார்கள். வெறும் கண்ணுக்கு ஏதோ ஒரு மேடு, ஏழு பவரில் தும்பிக்கை எவ்வளவு குட்டை என்று தெரிகிறது, பாருங்கள்.

இவ்வளவு பழைய காசு கையில் இல்லையா? சட்டைப்பையில் இருக்கும் சில்லறையை எடுங்கள். ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள்: டைமண்ட் என்றால் நம்ம மும்பை நாணயச்சாலை, வட்டப் புள்ளி என்றால் நொய்டா, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. தேய்ந்துபோன காசில் டைமண்டும் புள்ளியும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அப்போது பத்து பவரை எடுத்து நாலு மூலை இருக்கிறதா என்று பாருங்கள். என் கையில் இருக்கும் இந்த ரெண்டு ரூபாயில் மூன்று மூலைதான் தெரிகிறது, நாலாவது இடத்தில் அழுக்கு. தேய்த்துப் பார்க்கக் கை பரபரக்கிறது, மாட்டேன்.