ஐந்து சென்ட் நாணயத்தில் இருக்கும் வீடு

(விர்ஜீனியாவில் தமிழ் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். யாரிடமாவது ஐந்து சென்ட் நாணயம் இருந்தால் திருப்பிப் பாருங்கள். கும்மட்டம் வைத்த ஒரு வீடு தெரியும். 1938இலிருந்து, நடுவில் இரண்டு வருஷம் தவிர, அந்த வீடுதான் அதில் இருக்கிறது. சார்லட்ஸ்வில் பக்கத்துக் குன்றின் மேல் இருக்கிற மாண்டிசெல்லோ. அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் தோட்டமும் வீடும்.

அப்பா பீட்டர் ஜெஃபர்சன் 1757இல் இறந்தபோது தாமஸுக்கு 14 வயது. வயது வந்ததும் சுமார் 5,000 ஏக்கர் நிலமும் அதில் உழைத்த அடிமைகளும் அவர் கைக்கு வந்தன. 1768இல் குன்றின் உச்சியைச் சமப்படுத்தத் தொடங்கினார்கள். கட்டுவதும் இடித்துக் கட்டுவதுமாக வேலை 1809 வரை இழுத்தது. வயலில் முதலில் புகையிலை, 1790களில் கோதுமை. எல்லா மனிதரும் சமம் என்று 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர், தன் ஆயுளில் 600க்கும் அதிகமான மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தார். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்று நான் பேச வந்தது அந்த 600 பேரில் ஒரு குடும்பத்தைப் பற்றி.

வீட்டுக்குத் தெற்கே, சரிவில், மல்பெரி ரோ என்று ஒரு தெரு. தச்சுப்பட்டறை, கொல்லுப்பட்டறை, அடிமைகளின் குடிசைகள் எல்லாம் அங்கேதான். 1794இல் ஜெஃபர்சன் அங்கே ஓர் ஆணிப் பட்டறை போட்டார். வேலைக்கு வைத்தது 10 முதல் 16 வயதுப் பையன்களை. காலையில் ஒவ்வொரு பையனுக்கும் இரும்புக் கம்பியை எடை போட்டுக் கொடுப்பார். முடிந்த ஆணிகளை எடை போட்டு வாங்குவார். யார் எவ்வளவு சேதாரம் செய்தான் என்று தன் கைப்பட எழுதி வைப்பார். பத்து வயதுப் பையனுடைய சேதாரக் கணக்கு! அந்தப் பையன்களில் ஒருவன் ஜோ ஃபாசெட்.

ஜோ வளர்ந்து கொல்லரானார். அவருடைய மனைவி எடித். ஜெஃபர்சன் அதிபரானதும், பதினைந்து வயதுப் பெண்ணான எடித்தை வாஷிங்டனுக்கு வரவழைத்து, பிரெஞ்சுச் சமையல்காரரிடம் தொழில் கற்க வைத்தார்கள். வருஷக்கணக்காக அவர் அங்கே, ஜோ இங்கே. 1806இல் ஜோ யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வாஷிங்டனுக்கே போய்விட்டார், எடித்தைப் பார்க்க. பிடித்துச் சிறையில் போட்டு, திரும்ப மலைக்கு அனுப்பினார்கள்.

எடித் மாண்டிசெல்லோவுக்குத் திரும்பி வந்து தலைமைச் சமையல்காரர் ஆனார். அந்தச் சாப்பாட்டு அறையை நான் போய்ப் பார்த்தேன். கணப்பு அடுப்பின் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு. உள்ளே கயிற்றில் தொங்கும் பெட்டி. கீழே நிலவறையிலிருந்து ஒருவர் ஒயின் பாட்டிலை வைத்து இழுத்தால் மேலே வந்துவிடும். இன்னொரு பக்கம், தட்டுகள் வைக்கும் பலகைகள் அடித்த ஒரு சுழல் கதவு. வெளியே உணவை வைத்துத் திருப்பினால் உள்ளே வரும். எல்லோரும் வியந்து போட்டோ எடுத்தார்கள். எனக்கோ, கயிற்றின் மறுமுனையில் நின்ற ஆளின் நினைப்புதான். சமைத்தவர், சுமந்தவர் யாரும் விருந்தாளி கண்ணில் படக் கூடாது. நான் பார்த்தவரை, அந்த வீட்டின் சாமர்த்தியத்தில் பாதி இதற்கே செலவாகியிருக்கிறது.

1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தார். கடன் ஒரு லட்சத்து ஏழாயிரம் டாலர். உயிலில் ஐந்து ஆண்களுக்கு விடுதலை எழுதியிருந்தார். அதில் ஜோவும் ஒருவர், ஆனால் ஒரு வருஷம் கழித்துத்தான். அதற்குள், 1827 ஜனவரிக் குளிரில், 130 பேரை ஏலம் விடுவதாக விளம்பரம் வந்துவிட்டது. ஜோவின் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்கள் கைக்குப் போனார்கள். மகன் பீட்டருக்கு அப்போது 11 வயது. ஜோ உழைத்துச் சேர்த்து எடித்தையும் சில பிள்ளைகளையும் மீட்டார். பீட்டரை வாங்கியவர் மட்டும் திருப்பித் தர மறுத்தார். பீட்டர் ஒளிந்து ஒளிந்து எழுதப் படிக்கக் கற்று, தப்பிப் போகிறவர்களுக்குப் போலி அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தானும் இரண்டு முறை ஓடிப் பிடிபட்டார். 1850இல் மறுபடியும் ஏலம். அப்போதுதான் உற்றாரும் நண்பர்களும் பணம் போட்டு அவரை விடுவித்தார்கள். சின்சினாட்டியில் பாப்டிஸ்ட் போதகரானார்.

வீட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1834இல் கடற்படை அதிகாரி யூரையா லீவி வாங்கினார். யூதர்; ஜெஃபர்சன் பேசிய மதச் சுதந்திரத்தின் மேல் பெரும் மதிப்பு உள்ளவர். அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள். அவர் குடும்பம் இல்லையென்றால் இன்று வீடே மிஞ்சியிருக்காது. 1923இல் ஓர் அறக்கட்டளை ஐந்து லட்சம் டாலருக்கு வாங்கியது. தென்பகுதியில், சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்திருக்கலாம் என்று கருதப்படும் சன்னல் இல்லாத அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கான கழிப்பறையாக ஆக்கியிருந்தார்கள். சாலி, ஜெஃபர்சன் மனைவிக்குத் தந்தை வழியில் தங்கை (அப்பா ஒருவரே, அம்மா வேறு), ஜெஃபர்சனின் அடிமை, அவர் பிள்ளைகளுக்குத் தாய். 1998 மரபணுச் சோதனைக்குப் பிறகு, 2000இல் அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டது. 2018இல்தான் அந்த அறை அவர் பெயரில் திறந்தது. நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறவர்கள் தயவுசெய்து நேரே கும்மட்டத்துக்குப் போக வேண்டாம். முதலில் மல்பெரி ரோவில் நடந்து, ஆணிப் பட்டறை இருந்த இடத்தில் நின்று, ஜோவின் கதையைச் சொல்லுங்கள். அப்புறம் வீட்டுக்குள் போங்கள். 1900ஆம் வருஷம், எண்பதைத் தாண்டிய வயதில், தன்னை ஏலத்தில் விற்ற அந்த மலைக்கு ஒருமுறை திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார் பீட்டர் ஃபாசெட். அடுத்த ஜனவரியில் காலமானார்.