க்ளிப் போடும் மருத்துவர்களின் உலகச் சங்கம்

வணக்கம் நேயர்களே.

என்னிடம் பல்லுக்கு க்ளிப் போட்டிருந்த ஒரு பத்தாம் வகுப்புப் பெண். சிகிச்சை தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அப்பாவுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்துக் குடும்பமே கிளம்பிவிட்டது. அங்கே தொடரப் போகும் மருத்துவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "14, 24 இரண்டையும் எடுக்க வேண்டும்" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

இவை பற்களின் எண்கள். நம் முறையில் 14 என்றால் மேல்வரிசையில் வலப்பக்கம், கோரைப்பல்லை அடுத்து வரும் சின்னக் கடைவாய்ப்பல். 24 அதன் இடப்பக்க ஜோடி. நெருக்கமாக முளைத்த பற்களுக்கு இடம் பண்ண நாங்கள் வழக்கமாக எடுப்பவை இவைதான். அமெரிக்காவிலோ பற்களை 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் 14 என்பது இடப்பக்கத்துப் பெரிய கடைவாய்ப்பல். 24 கீழ்வரிசை முன்பல்! அங்கிருப்பவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். இருந்தாலும் எண்களை அடித்துவிட்டு, பல்லின் பெயரையே முழுசாக எழுதி அனுப்பினேன்.

உலகச் சங்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும். கம்பி தரும் மெல்லிய அழுத்தத்தில் பல்லுக்கு ஒருபக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிதாக வளர வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் பல் நகரும். அதனால் சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருஷம் இழுக்கும். அதற்குள் மனிதர்கள் ஊர் மாறுகிறார்கள், நாடு மாறுகிறார்கள்.

பல் மருத்துவர் அனைவருக்குமான உலகக் கூட்டமைப்பு 1900-இலேயே பாரிஸில் தொடங்கியாகிவிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்வர்டு ஆங்கிள் என்பவர், பல்சீரமைப்பை, அதாவது க்ளிப் போட்டுப் பற்களை வரிசைப்படுத்தும் சிகிச்சையை, தனித் துறையாகக் கற்பிக்கப் பள்ளி நடத்தினார். அவரைச் சுற்றி ஒரு சங்கமும் உருவானது. மேல், கீழ் வரிசைகளின் முதல் பெரிய கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்து 1899-இல் அவர் செய்த வகைப்பாட்டைத்தான் இன்றும் எங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். 1907-இல் பெர்லினில் ஐரோப்பியச் சங்கம் வந்தது.

உலக அளவில் கூடுவதுதான் சிரமமாக இருந்தது. முதல் மாநாடு 1926-இல் நியூயார்க்கில். இரண்டாவது 1931-இல் லண்டனில். மூன்றாவது, மறுபடி லண்டனில், எப்போது தெரியுமா? 1973-இல்! நடுவில் 42 வருஷம். ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து, தொழில் பார்த்து, ஓய்வே பெற்றிருப்பார்கள். அடுத்தது இன்னும் 22 வருஷம் கழித்து, சான் பிரான்சிஸ்கோவில்.

அங்கேதான், 1995 மே 15 அன்று, 62 நாடுகளைச் சேர்ந்த 69 சங்கங்கள் சாசனத்தில் கையெழுத்திட்டன. உலகப் பல்சீரமைப்பு மருத்துவர் கூட்டமைப்பு பிறந்தது. அப்புறம் 2000-இல் சிகாகோ, 2005-இல் பாரிஸ் என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாநாடு நடக்கத் தொடங்கியது.

மாநாட்டைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு வேலை. பல்சீரமைப்பு நிபுணர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் என்ன படித்திருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டமைப்பு வழிகாட்டுதல் வகுத்தது. சங்கமே இல்லாத நாடுகளில் சங்கம் அமையவும் துணை நின்றது. நம் நாட்டுச் சங்கம் 1965-இலேயே தொடங்கிவிட்டது என்பதில் எனக்குப் பெருமைதான்.

நாற்காலியில் வாயைத் திறந்து உட்காரும் பிள்ளைக்கு, எதிரே நிற்பவர் என்ன படித்தவர் என்று எப்படித் தெரியும்? நம் ஊரில் பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்று வருஷம் இந்தத் துறையிலேயே மேற்படிப்பான எம்.டி.எஸ். படிக்க வேண்டும். பிள்ளைக்கு க்ளிப் போட அழைத்துப் போகும்போது, "டாக்டர், உங்கள் எம்.டி.எஸ். எந்தப் பிரிவில்?" என்று தயங்காமல் கேளுங்கள். என்னிடம் வருகிறவர்களும் கேட்கலாம். நான் சந்தோஷமாகப் பதில் சொல்வேன்.

வணக்கம்.