அடுப்படியில் சாந்தம் வளராதா?

நடுவர் ஐயாவுக்கும், ஆயர் ஐயாவுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், அசன விருந்துப் பந்தலில் கூடியிருக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

"கிறிஸ்துவின் குணம் நம்மில் பெரிதும் வளர்வது ஆலயத்திலா, அன்றாட வாழ்விலா?" என்பது தலைப்பு. அன்றாட வாழ்வில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் சொல்கிற ஆவியின் கனியை, அதாவது தூய ஆவியானவர் நம்மில் வளர்க்கும் நற்குணங்களை, அன்பில் தொடங்கி இச்சையடக்கம் வரை ஒவ்வொன்றாகப் பேசலாம் என்று குறிப்பெழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

என்ன சொன்னார்? "அடுப்படியில் சாம்பார் கொதிக்கும், கோபம் கொதிக்கும், சாந்தம் மட்டும் வளராது. அது வேண்டுமானால் ஆலயத்துக்கு வாருங்கள்" என்றார். பந்தலே அதிரக் கை தட்டினீர்கள். முன்வரிசையில் இருக்கிற பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரும் தட்டினார்கள். அம்மா, விடியுமுன் எழுந்து இந்த அசனத்துக்கு அரிசி களைந்த கை உங்கள் கை! அடுப்படியைக் குறைத்துப் பேசியவருக்கா அந்தக் கையைத் தட்டினீர்கள்? எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சரி, அண்ணன் காட்டிய அடுப்படிக்கே போவோம்.

பதினேழாம் நூற்றாண்டு. பாரிஸ் நகரம். கார்மேல் துறவிகளின் மடம். 1640-ல் அங்கே ஒருவர் வந்து சேர்கிறார். நிக்கோலா எர்மான் என்பது இயற்பெயர். சகோதரர் லாரன்ஸ் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். போர்வீரராக இருந்து காயப்பட்டவர், கால் ஊனம். குருப்பட்டம் கிடையாது, பிரசங்கபீடம் கிடையாது. "உனக்கு என்ன வேலை தெரியுமா? சமையல்" என்று அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள்.

சமையல் அவருக்குப் பிடிக்குமா? கொஞ்சமும் பிடிக்காது. இயல்பிலேயே அந்த வேலைமேல் அவருக்கு வெறுப்பு. பிடிக்காத அந்த வேலையைச் சுமார் பதினைந்து ஆண்டுகள் செய்தார். பிடிக்காத வேலையைப் பதினைந்து நாள் முகம் சுளிக்காமல் செய்தவர் இந்தப் பந்தலில் இருந்தால் எழுந்து நில்லுங்கள், நானே வந்து மாலை போடுகிறேன்!

அதோடு விட்டார்களா? "பர்கண்டிப் பகுதிக்குப் போய் மடத்துக்குத் திராட்சரசம் வாங்கி வா" என்றார்கள். அண்ணன் சிரிக்கிறார். சிரிக்காதீர்கள் அண்ணா, மடத்துத் தேவைக்குத்தான்! லாரன்ஸுக்கு வியாபாரம் தெரியாது. விலை பேச வராது. காலும் சரியில்லை. ஏறியது படகில். படகிலோ எங்கே பார்த்தாலும் பீப்பாய். நடந்து போக வழி இல்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பீப்பாய்கள்மேல் உருண்டார்!

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு முறை சொல்கிறேன். பீப்பாய்கள்மேல் உருண்டார் ஐயா! நடுவர் அவர்கள் கொஞ்சம் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். துறவியின் அங்கி, ஊனமான கால், ஆடுகிற படகு. இந்தப் பீப்பாயிலிருந்து அந்தப் பீப்பாய்க்கு, அந்தப் பீப்பாயிலிருந்து அடுத்த பீப்பாய்க்கு, ஒரு மனிதர் உருண்டு உருண்டு போகிறார். நாமாக இருந்தால் முதல் பீப்பாயிலேயே மடத்துத் தலைவரைத் திட்டியிருப்போம். இரண்டாவது பீப்பாயில் சமையல் வேலையை ராஜினாமா செய்திருப்போம். மூன்றாவது பீப்பாயில், "ஆண்டவரே, உமக்கு என்ன குறை வைத்தேன்?" என்று அவரிடமே சண்டைக்குப் போயிருப்போம். லாரன்ஸ் என்ன சொன்னார்? "ஆண்டவரே, நான் செய்வது உம்முடைய காரியம்." அவ்வளவுதான். மனம் கலங்கவில்லை. போன வேலையும் நன்றாகவே முடிந்தது என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார்.

அண்ணா, நம் ஆலயத்தில் பீப்பாய் உண்டா? மேலே மின்விசிறி சுற்றுகிறது, பாடற்குழு இனிமையாகப் பாடுகிறது, பக்கத்தில் இருப்பவர் புன்னகையோடு கை குலுக்குகிறார். அங்கே யாருக்குக் கோபம் வரும்? கோபம் வர வழியில்லாத இடத்தில் அமைதியாக இருந்துவிட்டு, "சாந்தம் வளர்ந்துவிட்டது" என்று எப்படிச் சொல்வது? சாந்தம் பீப்பாய்மேல்தான் ஐயா வளரும்!

எதிரணித் தங்கை அங்கே அண்ணனின் காதில் ஏதோ சொல்கிறார். "அவர் துறவி, மடமும் ஆலயம்தானே" என்றுதான் இருக்கும். தங்கையே, அந்த மடத்தில் ஜெபிக்கும் இடமும் இருந்தது, அடுப்பும் இருந்தது. குறித்த ஜெப நேரத்துக்கும் மற்ற நேரத்துக்கும் தமக்கு வேறுபாடு இல்லை என்று சொன்னவர் லாரன்ஸ். சமையலறைச் சத்தத்தின் நடுவே, பலர் ஒரே நேரத்தில் பலதையும் கேட்கும்போதும், நற்கருணைக்கு முன் முழந்தாளிட்டு நிற்கும் அதே அமைதி தமக்கு இருக்கிறது என்றார். சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும், தரையில் கிடக்கும் துரும்பைக் குனிந்து எடுப்பதையும் ஆண்டவர்மேல் உள்ள அன்புக்காகச் செய்தார். 1666 ஆகஸ்டில் போஃபோர் என்ற குருவானவர் அவரைத் தேடி வந்து, உரையாடி, கேட்டதை எழுதிவைத்தார். அதனால்தான் இன்று நமக்கு இதெல்லாம் தெரிகிறது. அடுப்படியில் என்ன வளர்ந்திருந்தது என்று பார்க்கப் பிரசங்கபீடமே நடந்து வந்தது அண்ணா!

வேதத்துக்கு வருகிறேன், நேரம் குறைவு. நாற்பது வயதில் மோசே எகிப்தியனை அடித்துக் கொன்றார். அதே மோசேயை எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரம், பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்கிறது. நடுவில் என்ன நடந்தது? நாற்பது ஆண்டுகள் மீதியானில் மாமனார் எத்திரோவின் ஆடுகளை மேய்த்தார். மாமனார் வீட்டில், மாமனாருடைய ஆடு, நாற்பது ஆண்டுகள்! மருமகன்கள் எல்லாரும் தலையாட்டுகிறீர்கள். நம் ஆண்டவரோ சுமார் முப்பது வயதுவரை நாசரேத்தில் தாய்தகப்பனுக்குக் கீழ்ப்படிந்து, தச்சு வேலை செய்து வாழ்ந்தார். வழக்கத்தின்படி ஜெப ஆலயத்துக்கும் போனார், அதை நான் மறைக்கவில்லை. நானும் வாரந்தோறும் ஆலயத்துக்கு வருகிறவன்தான். வசனத்தை இங்கேதான் கேட்கிறேன். கேட்ட வசனம் குணமாக மாறுவது வீட்டுக்குப் போன பிறகு.

நடுவர் ஐயா, இதுவரை நாம் சிரித்தோம். இனி சிரிக்க என்னால் முடியாது.

1999 ஜனவரி 22 இரவு. ஒடிசா மாநிலம், மனோகர்பூர் கிராமம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே மாநிலத்துப் பாரிபதா ஊரில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்த கிரகாம் ஸ்டெயின்ஸ், தம் வண்டிக்குள் படுத்து உறங்குகிறார். பக்கத்தில் பத்து வயது மகன் பிலிப், ஆறு வயது மகன் திமோத்தி. ஒரு கும்பல் வந்து வண்டியைச் சூழ்ந்து தீ வைத்தது. மூவரும் எரிந்துபோனார்கள்.

கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே இரவில் இழந்த கிளாடிஸ் அம்மையார், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். பதின்மூன்று வயது மகள் எஸ்தரோடு அதே பாரிபதாவில் தங்கினார். அந்தத் தொழுநோயாளிகளை அவர் கைவிடவில்லை. 2005-ல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

அந்த மன்னிப்பு ஒரே நாளில் வந்ததா ஐயா? திருமணமான நாள் முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல், ஊர் ஒதுக்கிய மனிதர்களின் நடுவே குடும்பம் நடத்தினார். அவர்களுடைய புண்ணையும் பசியையும் பார்த்துக்கொண்டே தம் பிள்ளைகளை வளர்த்தார். அந்த அன்றாடத்தில் அல்லவா ஆண்டவர் அவரை உருவாக்கினார்!

நம் சபையிலும் இருக்கிறார்கள் ஐயா. படுக்கையில் விழுந்த மாமியாரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, துணி மாற்றிவிட்டு, ஆராதனைக்குப் பிந்தி வருகிற தாய்மார்கள். முதல் பாட்டும் முடிந்திருக்கும், வேதபாடமும் முடிந்திருக்கும். கடைசி வரிசையில் தலை குனிந்து உட்காருவார்கள், பிந்தி வந்துவிட்டோமே என்ற கூச்சத்தோடு. அம்மா, நீங்கள் ஏன் கூச வேண்டும்? நீங்கள் ஆண்டவரை விட்டுவிட்டா வந்தீர்கள்? அவர் அந்தக் கட்டிலருகே உங்களோடு இருந்தாரே!

மணி அடித்துவிட்டது. நடுவர் ஐயா, எங்கள் அணிக்காகத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கடைசி வரிசையில் இருக்கிற அந்தத் தாய்மாருக்காகச் சொல்லுங்கள். நன்றி.